ஓட்டின் மேல் ஒரு வழக்கு

"அந்த ஓட்டைக் கொண்டா" என்று அர்கிப்போஸ் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

மெலிட்டா பார்லிக் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் விட்ட கஞ்சியை அப்பா நாக்காலேயே வெளியே தள்ளிவிட்டார். அது தாடியில் வழிந்தது. துடைக்கப் போன கையையும் தட்டிவிட்டார்.

"எந்த ஓடுப்பா?"

"என் மண்டையில விழுந்த ஓடு. ஏதென்ஸ்ல இருக்கற எல்லா ஓட்டையுமா கேக்கறேன்?"

வாசற்படியில் நின்ற அம்மா லிசில்லா, "ரத்தம் பட்டதைப் போய் வீட்டுக்குள்ள கொண்டுவரணுமா?" என்றாள்.

"என் ரத்தம்தானே? வேற எவன் ரத்தமும் இல்லையே?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்து மூன்று நாளாகிறது. ஆனால் வாய் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்த மூன்று நாளும் யாரும் வாய்விட்டு அழவில்லை.

ஓடு முற்றத்தின் மூலையில் ஒரு கூடைக்கு அடியில் இருந்தது. சாட்சிப் பொருள், யாரும் தொடக் கூடாது என்று ஹெர்மோன் சித்தப்பா கவிழ்த்து வைத்த கூடை. மெலிட்டா அதை எடுத்தாள். இரண்டு தட்டை ஓடுகள் சேருகிற இடத்தை மூட மேலே கவிழ்க்கிற வளைந்த ஓடு அது. விழுந்ததில் இரண்டாக உடைந்திருந்தது. பெரிய துண்டைக் குழந்தையைப் போல இடுப்பில் ஏந்திக்கொண்டாள். அதன் முதுகில் அப்பாவின் முத்திரை இருந்தது. பச்சை மண்ணில் அழுத்தி, பிறகு சுட்டது.

இலிஸோஸ் ஆற்றங்கரையில் இருபத்தாறு வருடம் ஓடு சுட்டவர் அர்கிப்போஸ். இந்தத் தெருவில் பாதி வீடுகளின் கூரை அவருடையது. பக்கத்து வீட்டு டோரியோனின் கூரையும்தான்.

"வெளிச்சத்துல பிடி."

பிடித்தாள். அவர் வலது கை நகத்தால் ஓட்டைச் சுண்டினார். காதை ஓட்டினருகே கொண்டுவர முயன்றார், முடியவில்லை. அவள் ஓட்டைக் காதருகே கொண்டுபோனாள். மறுபடி சுண்டினார். கணீரென்று வர வேண்டிய சத்தம், ஈரப் பலகையைத் தட்டியது போல வந்தது. கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, உடைந்த இடத்தில் வைத்தார். எச்சில் உடனே உள்ளே போய்விட்டது. உடைந்த விளிம்பில், மேலும் கீழும் சிவப்பு. நடுவில் மட்டும் விரலகலத்துக்குச் சாம்பல் நிறம்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சூளையின் ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்க்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும். வலி மறந்துபோன முகம்.

"நாலாவது அடுக்கு" என்றார். "அந்த மாசம் விறகு ஈரம். இன்னும் ஒரு நாள் விட்டிருக்கணும். போதும்னு நான்தான் திறந்தேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"ஒழுகியிருக்கும்டி. அவன் சொன்னது சரி."

மெலிட்டா ஓட்டை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். ஓட்டின் கனம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

கூரை ஒழுகுகிறது என்று டோரியோன் போன மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரில் இருந்த தானியம் நனைந்து முளைவிட்டது என்று முளையைக் கையில் கொண்டுவந்து காட்டினார். அப்பா நாவிதர் கடையில், பத்துப் பேருக்கு முன்னால், "ஆடு மாதிரி கூரை மேல ஏறிக் குதிச்சா எந்த ஓடுதான் தாங்கும்?" என்று கேட்டார். கடையே சிரித்தது. அன்றிலிருந்து டோரியோனுக்கு ஆடு என்றே பெயர் ஆயிற்று. அவர் சந்தைக்குள் நுழைந்தால், மீன் விற்கிறவள்கூட மே என்று கத்திவிட்டுத்தான் தராசை எடுத்தாள்.

"நீ அன்னிக்கு மாடியிலதானே இருந்தே?" என்று அப்பா கேட்டார்.

"ஆமா."

"தறிகிட்ட?"

"ஆமா."

"பாத்தியா?"

மூன்று நாளாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்வதற்கான வாக்கியம் வாயிலேயே இருந்தது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.

தறிக்கு எதிரே இருக்கும் சின்ன ஜன்னலில் டோரியோனின் கூரை தெரியும். அவர் பழைய ஓடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். சந்தில் அப்பா நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "ஏய், மறுபடி ஏறிட்டியா? மே!" என்றார். டோரியோன் நிமிர்ந்து நின்றார். கையில் ஓடு இருந்தது. பிறகு ஓடு இல்லை.

"எனக்குக் கண்ணுல வெயில். ஒண்ணும் தெரியல" என்றார் அப்பா. "போடறதுக்கு முன்னாடி அவன் கீழ பாத்தானா?"

"பாத்தார்."

"கோவமாவா?"

"முகம் தெரியலப்பா. அவர் முதுகுலதான் வெயில்."

அப்பா கண்ணை மூடினார். ஒரு ஈ அவர் நெற்றிக் கட்டில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தபோது பேசினார்.

"சித்தப்பாவைக் கூப்பிடு. அண்ணனையும். வெளிய பட்டறைக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அவங்களும் சாட்சிக்கு வரட்டும். அதுக்கு முன்னாடி ஓட்டைச் சுவரோரமா வை. உடைஞ்ச பக்கம் சுவரைப் பாக்கட்டும்."

அவள் திருப்பி வைத்தாள்.

ஹெர்மோன் சித்தப்பா உள்ளே வந்ததும் தொண்டையைச் செருமினார். வருடத்தில் பாதி நாள் தீர்ப்பு மன்றங்களில் உட்கார்ந்திருப்பவர். யார் வீட்டில் என்ன உடைந்தாலும் அதற்கு எந்த மன்றம் என்று சொல்லிவிடுவார்.

"அண்ணே, இப்ப நீ சொல்றதுதான் எல்லாம். தெளிவாச் சொல்லு. வேணும்னு செஞ்சான்னா ஆரெஸ் குன்று மன்றம். உயிருக்கு உயிர். கைதவறிச் செஞ்சான்னா வேற மன்றம். குறைஞ்சது ஒரு வருஷம் நாட்டை விட்டுப் போகணும். இல்ல, நான் மன்னிச்சு விட்டுட்டேன்னு நீ உன் வாயால சொல்லிட்டா, நாங்க யாரும் வழக்கே போட முடியாது. எந்த மனுஷன் கையும் இல்லைன்னா, கொன்ன பொருள் மேலயே வழக்கு, அதுக்கு ஒரு மன்றம்..."

"சித்தப்பா, அவருக்கு மூச்சு வாங்குது. நீங்க சட்டம் பாடறீங்க" என்றான் டெக்ஸியோஸ்.

மெலிட்டாவைவிட நாலு வயது மூத்தவன். வீட்டின் ஒரே மகன். ஓடு விழுந்த அன்று சூளையில் இருந்தான். ஓடி வந்தபோது டோரியோன் அப்பாவைத் தோளில் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். "கூரை ஓடு, கூரை ஓடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலையே டெக்ஸியோஸ் பரணிலிருந்து தன் ஈட்டியை இறக்கித் துடைத்தான். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, துரு என்றான்.

"ஓடு வழுக்கி விழுந்துச்சு" என்றார் அர்கிப்போஸ்.

"தானாவா?" என்றான் டெக்ஸியோஸ்.

"தானா."

"அவன் மேல நின்னான்பா."

"நின்னான். ஓடு விழுந்துச்சு."

"நாலு மாசமா உங்களைத் திட்டிட்டு இருந்தவன் கையில இருந்து, உங்க தலையைப் பாத்து, தானா விழுந்துச்சா?"

"தலைக்கு என்ன தெரியும் எது விழுதுன்னு? எனக்குத் தெரியும். ஓடு எனக்குத் தெரியாதா?"

சித்தப்பா குனிந்தார். "எதுக்கும் ஒரு வார்த்தை, அண்ணே. டோரியோனை மன்னிச்சுட்டேன்னு சேத்துச் சொல்லிடேன். பின்னாடி சிக்கல் வராது."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு பார்வை சுவரோர ஓட்டுக்குப் போய் வந்தது.

"மன்னிக்கறதுக்கு அவன் என்ன பண்ணான்?" என்றார்.

மாலையில் ஒருமுறை தண்ணீர் கேட்டார். மெலிட்டா கொண்டுவந்து தந்ததில் பாதியைக் குடித்தார். மீதித் தண்ணீரோடு கிண்ணத்தை அவளிடமே கொடுத்தார், அவள் வாங்கினாள். அவள் அதைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அம்மா அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

*

உடலைக் கழுவியது அம்மாவும் மெலிட்டாவும். காட்டு ஓமச் செடியைக் கட்டிலில் பரப்பி, அதன்மேல் கிடத்தினார்கள். எண்ணெய் தடவும்போது அப்பாவின் விரல் நகங்களுக்கு அடியில் களிமண் இருப்பதை மெலிட்டா பார்த்தாள். எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார்?

அண்ணனுக்காக இருக்கலாம். டோரியோன் பெயரைச் சொன்னால், அண்ணன் மன்றத்துக்குப் போகிற வழியிலேயே ஈட்டியை ஓங்கிவிடுவான். பிறகு அவனுக்கு ஒரு மன்றம், அவனுக்கு ஒரு தண்டனை. டோரியோனுக்காகவும் இருக்கலாம். அவர் சொன்னது சரி என்று அப்பாவே சொன்னாரே. ஆனால் அவர் சொன்னது சரி என்பதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. தன் பெயருக்காகவும் இருக்கலாம், உடைந்த பக்கத்தைத் திருப்பி வைக்கச் சொன்னாரே. மன்றத்தில் டோரியோன் நின்றால் வாயைத் திறப்பார். சாம்பல் நிற விளிம்பை ஊருக்கே தூக்கிக் காட்டுவார். ஓட்டுக்கு வாய் இல்லை.

மூன்றில் எது? அப்பாவின் காதுக்குப் பின்னால் கடற்பஞ்சால் துடைத்தபடி, அவர் முகத்தை அருகில் பார்த்தாள். எந்தக் காரணத்தை வைத்தாலும் அந்த முகத்துக்குப் பொருந்தியது.

எந்தக் காரணமானாலும் அவளுக்கு ஆறவில்லை. டோரியோன் கீழே பார்த்துவிட்டுத்தான் போட்டார். அவள் கண்ணால் கண்டது. அவருக்கு ஒன்றுமே இல்லையா?

"பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கிட்டு வா" என்றாள் அம்மா.

சாவு விழுந்த வீட்டுத் தண்ணீரால் தீட்டுப் போகாது. வேறொரு வீட்டிலிருந்து வாங்கி வாசலில் ஒரு மண் பாத்திரத்தில் வைக்க வேண்டும். துக்கம் கேட்டு வந்தவர்கள் திரும்பும்போது அதைத் தலையில் தெளித்துக்கொண்டு போவார்கள். எப்போதும் பக்கத்து வீட்டில்தான் வாங்குவது. டோரியோனின் தாயார் இறந்தபோது மெலிட்டாவின் வீட்டிலிருந்துதான் தண்ணீர் போயிற்று.

மெலிட்டா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். இந்த முறை அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

டோரியோன் முற்றத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பாதி கழற்றிய கூரை அவருக்குப் பின்னால் வாயைப் பிளந்து நின்றது. அவர் மனைவி தியானோ ஓடிவந்து மெலிட்டாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டாராமே, கண்ணு. உங்க அம்மா சத்தம் கேட்டுது. நான் வரலாமா கூடாதான்னு..."

"தண்ணி வேணும்க்கா."

தியானோ குடத்தை வாங்கிக் கிணற்றுக்குப் போனாள்.

"நில்லு" என்றார் டோரியோன். "இந்த வீட்டுத் தண்ணி வேண்டாம்."

"சாவு வீட்டுக்குத் தண்ணி கேட்டா இல்லைன்னு சொல்வாங்களா? என்ன பேச்சு இது?" என்றாள் தியானோ.

"வேண்டாம்னு சொல்றேன்ல. வேற வீட்டுல வாங்கிக்கட்டும்."

"நான் பாத்தேன்" என்றாள் மெலிட்டா. "மாடியிலேருந்து."

கிணற்றுக் கயிறு தியானோவின் கையிலிருந்து நழுவியது. வாளி அடியில் போய் அறையும் சத்தம் கேட்டது. மெலிட்டா டோரியோனின் முகத்தையே பார்த்தாள். மூன்று நாளாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம். சொன்னதும் அது எப்படி மாறும் என்று எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். அது மாறவே இல்லை.

"நானும் பாத்தேன்" என்றார் அவர். "பாத்துட்டுதான் போட்டேன். காலுக்கு ரெண்டடி தள்ளி விழணும்னு பாத்தேன். பயந்து குதிப்பார், நான் சிரிக்கணும்னு."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்படித்தான்னு நினைக்கறேன். மூணு நாளா நினைச்சு நினைச்சு, இப்ப எனக்கே தெரியல."

கீழே பார்த்தானா என்று அப்பா கேட்டார். பார்த்தார் என்றாள். குறி வைப்பதற்கும் பார்க்க வேண்டும், மேலே படாமல் போடுவதற்கும் பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லையே. அவள் சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அப்பா போய்விட்டார்.

"உங்கப்பா என் பேரைச் சொன்னாரா?"

"இல்ல. ஓடு தானா விழுந்துச்சுன்னார்."

"மன்னிச்சுட்டேன்னு ஏதாவது?"

"சித்தப்பா கேட்டார். மன்னிக்கறதுக்கு அவன் என்ன பண்ணான்னு அப்பா சொல்லிட்டார்."

இப்போது அந்த முகம் மாறியது. யாரோ பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தது போல. "அப்போ மன்னிப்பும் இல்ல" என்றார். தியானோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெலிட்டா கிணற்றடியிலிருந்த காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடிக்க வேண்டும் என்று போனவள் அவள். அடித்தது அப்பாவின் வார்த்தை. அது இப்படிப் போய் விழும் என்று தெரிந்துதான் அப்பா சொன்னாரா? அதைக் கேட்கவும் இனி வழியில்லை.

இரண்டு வீடு தள்ளி, செருப்புத் தைக்கிறவர் வீட்டில் தண்ணீர் வாங்கினாள்.

*

டெக்ஸியோஸ் வாசலில் சைப்ரஸ் கிளையைக் கட்டிக்கொண்டிருந்தான். துக்கத்துக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். காதுகள் பெரிதாகத் தெரிந்தன.

"எங்கேருந்து தண்ணி?"

"செருப்புக்காரர் வீட்லேருந்து."

"ஏன், பக்கத்து வீட்ல?"

அவள் குடத்தை இறக்கினாள். பாத்திரத்தில் ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

"மெலிட்டா. பக்கத்து வீட்டுல ஏன் தண்ணி குடுக்கல?"

அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கையில் ரத்தம் இருக்கிறவன் தீட்டுக் கழிக்கத் தண்ணீர் தர மாட்டான். தந்தால் அந்தத் தண்ணீரும் தீட்டு, தெளித்துக்கொண்ட தலையெல்லாம் தீட்டு. இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டோரியோன் பயந்திருந்தால் பேசாமல் ஒரு குடம் தந்திருப்பார். பயப்படாமல் நேர்மையாக இருந்துவிட்டார், மடையன்.

ஈட்டி கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. உள்ளே அம்மா, அத்தைமார்களோடு சேர்ந்து, இப்போதுதான் குரலெடுத்து அழ ஆரம்பித்திருந்தாள். இப்போதைக்கு ஒருவருக்காக மட்டும் அழுகிற குரல். மெலிட்டா அதைக் கேட்டாள்.

"அவங்க கிணத்துல எலி செத்துக் கிடக்காம்" என்றாள்.

"எலியா?"

"ஆமா."

டெக்ஸியோஸ் அவளையே பார்த்தான். பிறகு கிளையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரோரம் போனான். ஒரு கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தான்.

"தியானோ அக்கா! உங்க கிணத்துல எலியா?"

மெலிட்டா பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஆடுவதை நிறுத்த முடியவில்லை.

"எலி செத்துக் கிடக்குதான்னு கேட்டேன்!"

"ரெண்டு!" என்றது தியானோவின் குரல். "ஒண்ணு வயித்துப் புள்ளையோட! நாத்தம் குடலைப் புரட்டுது. நீதான் இளவட்டமாச்சே, வந்து எடுத்துக் குடேன்டா!"

டெக்ஸியோஸ் கல்லிலிருந்து இறங்கினான்.

"ரெண்டாம்" என்றான், கிளையை எடுத்துக்கொண்டே.

அன்று மாலை முழுக்க வந்தவர்கள் எல்லோரும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போனார்கள். தியானோ வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். போகும்போது அவளும் தெளித்துக்கொண்டாள். மெலிட்டாவின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

*

விடிவதற்கு முன்னால் உடலை எடுத்தார்கள். டெக்ஸியோஸ் ஈட்டியோடு முன்னால் நின்றான். கொலையுண்டவன் பிணத்துக்கு முன்னால் போகிற ஈட்டி.

"ஓட்டுக்கு எதுக்குடா ஈட்டி?" என்றார் சித்தப்பா.

"கொன்னா ஈட்டி எடுக்கணுமா வேண்டாமா? நீங்கதானே சட்டம் சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா அது மனுஷனுக்கு."

"செத்தது மனுஷன்தானே?"

சித்தப்பா யோசித்தார். அதற்கு அவரிடம் மன்றம் இல்லை. ஈட்டி முன்னால் போயிற்று.

கல்லறையில் சித்தப்பா உரக்க அறிவித்தார்: "அர்கிப்போஸைக் கொன்ற ஓடே! சந்தைக்கு வராதே, கோயில் பக்கம் வராதே, எங்களோடு சேர்ந்து நிற்காதே!" பின்னால் யாரோ இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார்கள். டெக்ஸியோஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். தெரு முழுக்க வந்திருந்தது. டோரியோன் வரவில்லை.

மூன்று நாள் கல்லறையைக் காக்க வேண்டும். மெலிட்டா தினமும் அண்ணனுக்கு ரொட்டியும் ஆலிவும் கொண்டுபோனாள். மூன்றாம் நாள் அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ தறியிலதானே இருந்தே? ஒண்ணும் பாக்கலியா?"

"நூல் அறுந்துடுச்சு. குனிஞ்சு முடிச்சுப் போட்டுட்டிருந்தேன்."

"ம்."

ஆலிவ் கொட்டையைத் தூரத் துப்பினான்.

"எனக்கு யாரையாவது அடிக்கணும் மெலிட்டா. கை தினவெடுக்குது. ராத்திரி தூங்கும்போது கூட மூடியே இருக்கு." மூடிய கையை அவளிடம் காட்டினான். "ஓட்டை எப்படி அடிக்கறது?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. அவளுடைய கை திறந்தே இருந்தது. மற்றதெல்லாம் மூடியிருந்தது.

ஓட்டின் மேல் வழக்கு நடந்த அன்று பெண்கள் வீட்டில் இருந்தார்கள். சித்தப்பா திரும்பி வந்து நடித்துக் காட்டினார். மன்றத் தலைவரான ராஜ அர்கோன் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஓட்டைக் கோணியில் கட்டியபடியே ஒரு பலகை மேல் வைத்தார்களாம். டெக்ஸியோஸ் சத்தியம் செய்து குற்றம் சொன்னானாம்.

"எதிர்த்தரப்பு வாயே திறக்கல" என்றார் சித்தப்பா. "இத்தனை வருஷத்துல இவ்வளவு அமைதியான எதிரியை நான் பாத்ததில்ல. குற்றவாளின்னு தீர்ப்பு. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் தூக்கி எறியணும்."

அம்மா அழுதபடியே சிரித்துவிட்டாள். அப்பா போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை.

*

அண்டை நாடான போயோட்டியாவின் எல்லைக்குப் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். டெக்ஸியோஸ் திரும்பி வந்தபோது பாதத்தில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. சித்தப்பா பாதி வழியிலேயே தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டாராம். மெலிட்டா தொட்டியில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, அவன் வலது காலை உள்ளே வைத்தாள். அம்மா அடுப்பருகே பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எறிஞ்சியா?" என்றாள் அம்மா.

"எறிஞ்சேன். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், முழு பலத்தோட. கோணி மூட்டையை அவிழ்க்காமலே கொண்டு போனேன், அங்க போய்த்தான் அவிழ்த்தேன். அங்க ஒருத்தன் மாடு மேய்ச்சுட்டிருந்தான். 'உங்க ஊர்க் குப்பையை ஏன்டா எங்க ஊர்ல போடறே?'ன்னு தடியைத் தூக்கிட்டு வந்தான்."

"அப்புறம்?"

"குப்பையில்ல, கொலைகாரன்னேன். இதுவான்னு கேட்டு எடுத்துப் பாத்தான். விழுந்ததுல இன்னும் ரெண்டா உடைஞ்சிருந்துது." டெக்ஸியோஸ் கொஞ்சம் நிறுத்தினான். "'இது வேகவே இல்லையே'ன்னான். நானும் பாத்தேன். உள்ள பூரா சாம்பல்."

பருப்பு பொறுக்குகிற அம்மாவின் கை நிற்கவில்லை. மெலிட்டா குதிகாலைத் தேய்த்தாள்.

"வர்ற வழியெல்லாம் அதே யோசனை. அப்படின்னா அந்த மழையில கூரை ஒழுகினது நிஜம்தானா..." என்றான்.

வாசலில் தியானோவின் குரல் கேட்டது. கையில் மண்சட்டியோடு உள்ளே வந்தாள். அடுப்பு அணைந்துவிட்டது, கொஞ்சம் கங்கு வேண்டும் என்றாள். அம்மா எழுந்து இடுக்கியை எடுத்தாள்.

"எங்க உன் வீட்டுக்காரரைக் காணோம்? துக்கத்துக்கும் வரல, தெருவுலயும் இல்ல. கூரை அப்படியே கிடக்கு."

"எல்லை தாண்டி, மெகாராவுக்குப் போயிருக்கார்."

"என்ன திடீர்னு?"

"என் தாய்மாமன் வீடு இருக்கு அங்க."

"மழைக்கு முன்னாடி வந்துடுவாரில்ல? கூரை போடணுமே?"

தியானோ சட்டியில் சாம்பலைச் சமன் செய்தாள். இந்தத் தடவை எலிகள் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை போலும்.

"ஒரு வருஷம் ஆகும்னு சொல்லிட்டுப் போனார்" என்றாள். கைதவறிக் கொன்றவனுக்குச் சித்தப்பா சொன்ன அதே ஒரு வருடம்.

தண்ணீருக்கு அடியில் டெக்ஸியோஸின் கால்விரல்கள் மடங்கின. ஐந்தும் சேர்ந்து, தொட்டியின் அடியைப் பிறாண்டுவது போல. மெலிட்டா அவன் குதிகாலைப் பிடித்தபடி இருந்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது அவள் கைக்குத் தெரிந்தது.

அம்மா மூன்று கங்குகளை எடுத்துச் சட்டியில் வைத்தாள். தியானோ அவற்றின் மேல் சாம்பலை மூடினாள். தியானோ வாசலைத் தாண்டினாள், சந்தில் அவள் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அவள் வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

மெலிட்டா காத்திருந்தாள். முதலில் சுண்டுவிரல் விரிந்தது. அப்புறம் மற்றவை, ஒவ்வொன்றாக. கட்டைவிரல் மட்டும் வெகு நேரம் மடங்கியே இருந்தது. பிறகு அதுவும் நீண்டது.

"வெந்நீர் ஆறிப்போச்சு" என்றான் டெக்ஸியோஸ்.

அவள் அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றினாள். அவன் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.